கிமுரா: மேலே இருந்தவரின் பெயர், கீழே இருப்பவனின் பூட்டு



ஜுஜிட்சு, எம்எம்ஏ வகுப்புகளுக்குப் போகிற நம்ம பசங்க காதில் வாரத்துக்குப் பத்து தடவையாவது விழுகிற சொல் கிமுரா. கிமுரா போடு, கிமுராவை விடாதே, கிமுரா வருது கையை இழு என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருப்பார். அது ஒரு பிடியின் பெயர் என்று எல்லாருக்கும் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர், அவர் ஆற்றில் சரளைக்கல் அள்ளியவரின் மகன், மனைவியின் மருந்துக்காகக் கடல் தாண்டிப் போய் மல்லுக்கட்டியவர் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. இந்த இதழில் அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கூடவே, சண்டையில் கீழே விழுந்துவிட்டால் எந்த நிலையில் இருப்பது என்று வகுப்பில் ஓயாமல் நடக்கிற வாதத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். இரண்டும் ஒரே கதைதான்.

வகுப்புக்குப் போகாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம்ம புராணத்தில் வரும் மல்யுத்தத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணனும் சாணூரனும், பீமனும் ஜராசந்தனும். அந்த வழியில் வந்த இந்திய குஸ்தியில் இன்றைக்கும் இரண்டு தோளும் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. முதுகு மண்ணில் படுவது தோல்விக்கு இன்னொரு பெயர். ஜூடோவிலும் அதிலிருந்து பிரேசிலில் வளர்ந்த ஜுஜிட்சுவிலும் கணக்கு வேறு. மல்லாந்து விழுந்தவன் தன் இரண்டு காலையும் எதிரிக்கும் தனக்கும் நடுவில் வைத்திருந்தால், அவன் இன்னும் சண்டையில்தான் இருக்கிறான். அந்த நிலைக்குப் பெயர்தான் கார்டு. காலால் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொள்வது குளோஸ்ட் கார்டு. பூட்டாமல் பாதத்தை எதிரியின் இடுப்பிலோ தொடையிலோ வைத்துத் தள்ளி இழுப்பது ஓப்பன் கார்டு. எதிரியின் ஒரு காலை மட்டும் தன் இரண்டு காலுக்கு நடுவில் சிக்க வைத்திருப்பது ஹாஃப் கார்டு. இதற்குள் இன்னும் எத்தனையோ பிரிவு உண்டு.

மசாஹிகோ கிமுரா 1917 செப்டம்பர் 10 அன்று ஜப்பானின் தெற்கே இருக்கும் குமமோட்டோவில் பிறந்தார். வீட்டில் வறுமை. அப்பா ஆற்றில் இறங்கிச் சரளை அள்ளி விற்பவர். பையனும் சின்ன வயதிலேயே கூட இறங்கி வேலை செய்தான். தண்ணீர் ஓட்டத்தில் நின்றுகொண்டு, ஈரச் சரளையை அள்ளித் தூக்குவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். இடுப்பு, முதுகு, பிடி மூன்றும் ஒன்றாக உழைக்க வேண்டும். இன்றைக்கு ஜிம்மில் காசு கொடுத்துச் செய்கிறதை அவர் சோற்றுக்காகச் செய்தார்.

பள்ளியில் ஓர் ஆசிரியர் அவரைத் தூக்கிப் போட்டார். அந்த அவமானம் தாங்காமல், திருப்பிப் போட வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் பழைய ஜுஜுட்சு கற்றுத்தரும் ஒரு கூடத்தில் சேர்ந்தார். ஆன்மிகத் தேடலோ தற்காப்போ அல்ல, வெறும் பழிவாங்கும் எண்ணம். எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். பெரிய ஆட்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது நாம தொடக்கத்தையே தெய்வீகமாக்கிவிடுகிறோம், இல்லையா?

பதினாறு வயதுக்குள் ஜூடோவில் 4ஆம் டான். அப்போது அவரைக் கண்டுபிடித்தவர் தட்சுகுமா உஷிஜிமா. அதே குமமோட்டோக்காரர், அந்தக் காலத்தில் ஜப்பானிலேயே பயங்கரமான ஆட்டக்காரர், பட்டப்பெயரே பேய். உஷிஜிமாவுக்கு ஒரு தீராத குறை இருந்தது. பேரரசர் நேரில் வந்து பார்க்கும் பெரிய போட்டி எப்போதாவதுதான் நடக்கும். 1929-லும் 1934-லும் அதில் இறங்கியும் அவரால் வெல்ல முடியவில்லை. தனக்குக் கிடைக்காததை ஒரு சீடன் மூலம் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்து, கிமுராவைத் தோக்கியோவுக்கு அழைத்து வந்து, தன் வீட்டிலேயே வைத்து, தகுஷோகு பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டார். நம்ம ஊர் குருகுலம் மாதிரிதான். பாத்திரம் கழுவுவது, வீடு பெருக்குவது, அப்புறம் அடி வாங்குவது.

1935-ல், 18 வயதில், கோடோகானில் வரிசையாக எட்டுப் பேரை வென்று 5ஆம் டான் வாங்கினார். அந்த வயதில் அதுவரை யாருக்கும் அது கிடைத்ததில்லை. அதே ஆண்டில் நான்கு ஆட்டத்தில் தோற்றும் போனார். உஷிஜிமாவின் பாடத்தில் தோல்விக்கும் சாவுக்கும் வித்தியாசம் கிடையாது. கிமுரா ஜூடோவையே விட்டுவிடலாம் என்று நினைத்தார். நண்பர்கள்தான் தேற்றித் திரும்பக் கூட்டிவந்தார்கள்.

அதற்கப்புறம் அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. மற்றவர்கள் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பயிற்சி செய்தால் நாம் அதைப்போல் மூன்று மடங்கு செய்வது. அதாவது 9 மணி நேரம். அதோடு ஆயிரம் தண்டால். அதோடு ஒரு மரம். ஒசோட்டோ கரி என்று ஒரு வீச்சு இருக்கிறது. எதிரியின் காலுக்கு வெளிப்பக்கமாகத் தன் காலைக் கொண்டுபோய் பின்னால் வாரிவிடுவது. அதை அவர் ஒரு மரத்தின் மேல் தினமும் பழகினார். மரம் விழவில்லை. ஆனால் அந்த வீச்சில் விழுந்த சக வீரர்கள் பின்மண்டை அடிபட்டு மயங்கினார்கள். கூடத்தில் அவரோடு பழகுகிறவர்கள் தயவுசெய்து அதை மட்டும் போடாதே என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. மணிக்கட்டுக்கு வலு சேர்க்கக் கராத்தேயும் கற்றுக்கொண்டார்.

1937, 1938, 1939 என்று மூன்று ஆண்டும் அகில ஜப்பான் பட்டம். 1940-ல் பேரரசர் முன்னிலையில் நடந்த போட்டியிலும் வெற்றி. உஷிஜிமாவின் குறை தீர்ந்தது.

இவ்வளவும் நின்றபடி தூக்கிப்போடும் ஆட்டத்தின் கதை மாதிரி தெரியும். ஆனால் கிமுரா வளர்ந்த காலத்தில் ஜப்பானில் ஒரு தனி உலகம் இருந்தது. அதுதான் நம்ம கார்டு விஷயத்துக்கு வேர்.

அந்தக் காலத்து உயர்கல்வி மாணவர்களுக்கிடையே 1914 முதல் கோசென் என்ற ஜூடோப் போட்டி நடந்து வந்தது. கோடோகான் விதியில் தூக்கிப்போட முயலாமல் நேராகத் தரைக்கு இழுக்கக் கூடாது. கோசெனில் இழுக்கலாம், விருப்பப்பட்ட நேரம் வரைக்கும் தரையில் கிடக்கலாம். அணிக்கு 15 பேர். ஒருவன் தோற்கும் வரை நின்று ஆடுவான், தோற்றதும் அடுத்தவன் வருவான். இப்படிப்பட்ட ஆட்டத்தில் சமநிலைக்குப் பெரிய மதிப்பு. எதிரணியின் பலசாலியை ஒரு சாதாரண மாணவன் சமன் செய்துவிட்டால் அந்தப் பலசாலி வெளியே போய்விடுவான், அணி தப்பித்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு மூன்று வருடம் மட்டுமே பழகிய ஒரு பையன், பத்து வருடம் பழகியவனை எப்படிச் சமன் செய்வது? நின்று ஆடினால் ஒரு நொடியில் பறந்துவிடுவான். தரையில் மல்லாந்து, காலை நடுவில் வைத்து, பிடிவாதமாகக் கிடந்தால் முடியும். தூக்கிப்போடும் திறமைக்கு நிறைய காலம் வேண்டும், தரை வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்பது அந்த மாணவர்கள் கண்டுபிடித்த உண்மை. இன்றைக்கு நாம டிரையாங்கிள் என்று சொல்லும், காலால் கழுத்தை நெரிக்கும் பிடி அங்கேதான் 1920-களில் உருவானது. பயந்துகொண்டு கிடந்தவன் கண்டுபிடித்த ஆயுதம் அது. கிமுரா இந்தத் தரை வேலையையும் முழுசாகக் கற்றார். அதனால் கீழே கிடக்கிறவன் என்ன நினைக்கிறான் என்று அவருக்கு அத்துப்படி. பின்னால் பிரேசிலில் இதுதான் உதவப் போகிறது.

போர் வந்தது. கிமுராவும் படையில் சேர்க்கப்பட்டார். போர் முடிந்தபோது ஜப்பானே நாசமாகிக் கிடந்தது. அமெரிக்க ஆட்சி பள்ளிகளில் ஜூடோவைத் தடை செய்தது. அகில ஜப்பான் வீரர் குமமோட்டோவில் கள்ளச்சந்தையில் நிலக்கரி விற்றுக் குடும்பம் நடத்தினார். 1949-ல் திரும்ப வந்து அகில ஜப்பான் பட்டத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். ஆனால் பட்டத்தை வைத்து அரிசி வாங்க முடியாதே. அதைவிடப் பெரிய கவலை வீட்டில் இருந்தது. மனைவிக்குக் காசநோய். அதற்கு மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அன்றைய ஜப்பானில் அது சாதாரண ஆள் வாங்கக்கூடிய பொருளே இல்லை.

1950-ல் உஷிஜிமா காசுக்கு ஜூடோ ஆடும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். கிமுரா சேர்ந்தார். சில மாதங்களிலேயே அது தள்ளாட ஆரம்பித்தது. கிமுரா விலகி ஹவாயிக்குப் போய் ஆடினார், காட்டு மல்யுத்தமும் செய்தார், அந்தக் காசில் மருந்து வாங்கி வீட்டுக்கு அனுப்பினார். மனைவி பிழைத்துக்கொண்டார். ஆனால் காசுக்கு ஆடிய குற்றத்துக்கு ஜூடோ உலகம் அவரை மன்னிக்கவில்லை. ஏற்கெனவே 7ஆம் டான் வாங்கியிருந்தார். அதற்கு மேல் சாகும்வரை ஒரு படி கூட ஏற்றவில்லை. அவரிடம் தோற்றவர்கள் எல்லாம் 8, 9 என்று ஏறிப் போனார்கள். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனுசன் பெண்டாட்டியைக் காப்பாற்றுவதா, டானைக் காப்பாற்றுவதா?

1951-ல் பிரேசிலில் இருந்து அழைப்பு. அங்கே லட்சக்கணக்கில் ஜப்பானியர் குடியேறி, தோட்டங்களில் உழைத்து வந்தார்கள். நம்ம தாத்தா பாட்டி இங்கே ரப்பர் மரம் வெட்ட வந்த மாதிரி. சாவோ பாவ்லோவில் நடந்த ஒரு ஜப்பானியப் பத்திரிகை கிமுராவையும் இன்னும் இருவரையும் கூப்பிட்டது. அந்த இருவரில் இளையவர் கட்டோ.

அங்கே காத்திருந்தவர் எலியோ கிரேசி. இவருடைய அண்ணன் கார்லோஸ், ஊர் ஊராகச் சுற்றிப் பிரேசிலில் குடியேறிய ஜப்பானிய ஜூடோ வீரர் மாயெடாவின் வழியில் வந்த கலையைப் பழகியவர். எலியோ ஒல்லியான ஆள். பலசாலிகளை மேலே இருந்து அமுக்க அவரால் முடியாது. அதனால் கீழே இருந்து ஜெயிப்பதையே தன் வழியாக்கிக்கொண்டார். கார்டு என்பதைக் கோசென் மாணவர்கள் சமன் செய்யும் கோட்டையாகப் பார்த்தார்கள் என்றால், எலியோ அதைப் பொறியாகப் பார்த்தார். எதிரி உள்ளே வரட்டும், களைக்கட்டும், தப்பு செய்யட்டும்.

கட்டோ அந்தத் தப்பைச் செய்தார். இருவரும் முதலில் மோதியது செப்டம்பரில், ரியோவின் மரக்கானா அரங்கில். சமநிலை. அதே மாதக் கடைசியில் சாவோ பாவ்லோவில் மறுபடி மோதினார்கள். கட்டோ எலியோவைத் தூக்கிப் போட்டார், மேலே விழுந்தார், சட்டைக் கழுத்தைப் பிடித்து இரண்டு கையையும் குறுக்கே போட்டு நெரித்தார். கீழே இருந்த எலியோவும் அதே பிடியைப் போட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கிறார்கள். யார் முதலில் மயங்குவார்? மேலே இருந்த கட்டோதான் மயங்கினார்.

இது ஏன் என்று வெள்ளை பெல்ட் காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். எதிரியின் கார்டுக்குள் இருந்துகொண்டு நெரிக்கும்போது நம்ம கழுத்து கீழே தொங்குகிறது, அவன் கைகள் நம்ம எடையையே தொங்கவிட்டு இழுக்கின்றன. அவன் காலால் நம்ம இடுப்பைத் தள்ளி, நம்ம பிடியை நீட்டி, வலுவிழக்கச் செய்கிறான். அவனுக்கு முதுகுக்குப் பின்னால் தரை இருக்கிறது. நமக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கார்டைத் தாண்டாமல் கழுத்தைத் தேடாதே என்று எல்லா வகுப்பிலும் சொல்லுவது கட்டோ பட்ட பாடுதான்.

கட்டோ மயங்கியதில் பிரேசில் ஜப்பானியர்களுக்குப் பெரிய தலைகுனிவு. சவாலைக் கிமுரா ஏற்றார். 1951 அக்டோபர் 23, மரக்கானா. கிமுராவுக்கு 34 வயது, 170 சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய 85 கிலோ. எலியோவுக்கு 38, எடையில் நிறையக் குறைவு. விதி எலியோவின் விதி. 10 நிமிடச் சுற்றுகள் மூன்று. தூக்கிப்போட்டால் புள்ளி கிடையாது, அமுக்கிப் பிடித்தாலும் கிடையாது. எதிரி தட்டி ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மயங்க வேண்டும். உள்ளே போனபோது ஒரு சவப்பெட்டியைத் தூக்கிவந்து வைத்திருந்தார்கள், அது தனக்கானது என்றார்கள் என்று கிமுரா தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டாராம்.

முதல் சுற்றில் கிமுரா தூக்கித் தூக்கிப் போட்டார். தரை மெத்தென்று இருந்ததால் எலியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்தை வைத்துப் பழகிய அந்த வீச்சு அங்கே பாதி வீண். எனவே கிமுரா தரைக்கு இறங்கினார். கட்டோவைப் பார்த்தவர் ஆயிற்றே, கார்டுக்குள் நின்று எதையும் தேடவில்லை. ஒவ்வொரு தடவையும் எலியோவின் காலைத் தாண்டிப் பக்கவாட்டுக்குப் போனார், மார்பால் முகத்தை அமுக்கினார், மூச்சைத் திணறடித்தார். கோசெனில் கீழே கிடந்து கற்றதெல்லாம் இப்போது மேலே இருந்து பயன்பட்டது. கால் எங்கே வரும், இடுப்பு எந்தப் பக்கம் நழுவும் என்பது வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. முதல் சுற்றிலேயே ஒரு கட்டத்தில் தான் மயங்கிவிட்டதாகவும், கிமுரா வேறு பிடிக்கு மாறியபோது விழித்துக்கொண்டதாகவும் எலியோ பிற்காலத்தில் சொன்னார்.

இரண்டாம் சுற்று. மறுபடி ஒசோட்டோ கரி, மறுபடி அமுக்கல். மூச்சுக்காக எலியோ கையால் தள்ளியபோது அந்தக் கையைக் கிமுரா பிடித்தார். மணிக்கட்டை ஒரு கையால், தன் மணிக்கட்டையே இன்னொரு கையால், நடுவில் எலியோவின் கை. முதுகுப்பக்கம் முறுக்கினார். எலியோ தட்டவில்லை. கை ஒடிந்தது. அப்போதும் தட்டவில்லை. இன்னும் முறுக்கினார். மறுபடி ஒடிந்தது. அண்ணன் கார்லோஸ் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டாம் சுற்றில் மூன்று நிமிடம் ஆகியிருந்தது. 20,000 பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

தோற்றாலும் தட்டாத அந்த மனசைக் கிமுரா பிறகு வியந்து எழுதினார். தட்டாமல் இருப்பது வீரமா என்று கேட்டால், என் பதில் இல்லை என்பதுதான். திங்கட்கிழமை வேலைக்கும் வகுப்புக்கும் போக வேண்டிய நாம தட்டிவிட வேண்டும். ஆனால் எலியோ வீட்டார் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தங்கள் ஆளின் கையை ஒடித்த பிடிக்கு ஒடித்தவரின் பெயரையே வைத்தார்கள். அதற்கு ஏற்கெனவே ஜூடோவில் கியாக்கு உதே கராமி என்று பெயர் உண்டு, மேற்கத்திய மல்யுத்தத்தில் டபுள் ரிஸ்ட்லாக் என்பார்கள். ஜுஜிட்சுவில் அன்றிலிருந்து கிமுரா.

இப்போது வகுப்பு வாதத்துக்கு வருவோம். எம்எம்ஏ-வில் கீழே விழுந்தால் எந்தக் கார்டு?

முதலில் ஒன்று. எலியோவும் கிமுராவும் ஆடியது சட்டை போட்ட ஆட்டம், குத்து கிடையாது. எம்எம்ஏ-வில் சட்டை இல்லை, உடம்பெல்லாம் வியர்வை, மேலே இருப்பவன் குத்துவான். இதனால் பாதி கார்டுகள் அங்கேயே காலி. ஸ்பைடர் கார்டு போன்று சட்டைக் கையைப் பிடித்து ஆடுவதெல்லாம் பிடிக்கத் துணி இல்லாமல் நிற்காது. ரொம்பத் தூரத்தில் காலை நீட்டி விளையாடும் கார்டுகளில் முகத்துக்கும் அவன் கைக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது.

குளோஸ்ட் கார்டு மிஞ்சுகிறது. இடுப்பைக் காலால் பூட்டி, அவன் தலையை நம்ம மார்போடு இழுத்து வைத்துக்கொண்டால் குத்துவதற்கு அவனுக்கு இடைவெளி கிடைக்காது. ஆனால் அவன் முதுகை நிமிர்த்திவிட்டால் கதை மாறும். 1996-ல் மார்க் கோல்மன் என்ற மல்யுத்த வீரர் யூஎஃப்சிக்கு வந்து, எதிரியின் கார்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு குத்தினார், முட்டினார். கார்டில் கிடந்தாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கை அன்றைக்கு உடைந்தது. போதாததற்கு நடுவர்களும் பெரும்பாலும் மேலே இருப்பவனுக்குத்தான் சுற்றைக் கொடுப்பார்கள். ஆகவே சும்மா பூட்டிக்கொண்டு கிடப்பது மெதுவாகத் தோற்பதற்குச் சமம்.

இங்கேதான் கிமுரா கீழே வருகிறார். நிமிர வேண்டுமென்றால் அவன் கையைத் தரையிலோ நம்ம மேலோ ஊன்ற வேண்டும். ஊன்றிய கைதான் நமக்கு வேண்டியது. பூட்டைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, ஒரு கையால் அவன் மணிக்கட்டு, இன்னொரு கை அவன் தோளுக்கு மேலாகப் போய் நம்ம மணிக்கட்டைப் பிடிக்க, இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்திச் சாய்ந்தால் கிமுரா. அவன் தப்பிக்கக் கையை இழுத்து உடம்போடு ஒட்டினால், எழுந்த வேகத்திலேயே இடுப்பால் மோதி அவனைப் புரட்டி மேலே ஏறிவிடலாம். புரளாமல் இருக்க முன்னால் தள்ளினால் கழுத்து கில்லட்டினுக்கு வந்துவிடும். ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று. இந்த மூன்றும் ஒரே அசைவில் ஆரம்பிப்பதால், புதிதாக வருபவர்களுக்கு எம்எம்ஏ-வில் முதல் கார்டாக நான் இதைத்தான் சொல்லுவேன்.

நான் பொறியியல் படிக்கிறவன், ஒரு வரி கணக்கு சொல்லாமல் விட மாட்டேன். முறுக்கு என்பது விசையையும் சுழலும் அச்சிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கிய தொகை. கிமுராவில் அவன் முழங்கை மடங்கி, முன்கை ஒரு ஸ்பேனர் மாதிரி நிற்கிறது. திருகப்படும் நட்டு தோள்மூட்டு. மணிக்கட்டில் பிடித்தால் ஸ்பேனரின் முழு நீளம் நமக்கு. முன்கையின் நடுவில் பிடித்தால் பாதி நீளம், அதே முறுக்குக்கு இரண்டு மடங்கு பலம் வேண்டும். அதனால்தான் பயிற்சியாளர் மணிக்கட்டு மணிக்கட்டு என்று கத்துகிறார். அதேபோல முழங்கை நம்ம மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். அது ஆடினால் நட்டு திரும்பாது, மொத்த ஆளும் கூடவே திரும்புவான். நம்ம பூட்டுப் பிடிகளிலும் இதே கணக்குத்தான்.

ஹாஃப் கார்டிலும் கிமுரா பிடி உதவும். மேலே இருப்பவன் நம்மைக் கடந்து பக்கவாட்டுக்குப் போகும்போது அவன் கையை இப்படிப் பூட்டி வைத்தால் அவனால் அந்தக் கையால் குத்தவும் முடியாது, சுலபமாக நகரவும் முடியாது. ஆனால் ஜாக்கிரதை, இன்னொரு கை சும்மா இருக்காது. நம்ம இரண்டு கையும் பிடியில் மாட்டியிருக்க, அவனுடைய ஒரு கை முகத்தில் இறங்கும். பிடி இறுகவில்லை என்றால் ஓரிரு நொடியில் விட்டுவிட்டு, பாதத்தை அவன் இடுப்பில் வைத்துத் தள்ளி எழுந்துவிடுவது நல்லது. பட்டர்ஃப்ளை கார்டு, அதாவது உட்கார்ந்தபடி இரண்டு பாதத்தையும் அவன் தொடைக்கு உள்ளே கொக்கி போடுவது, இப்படி எழுவதற்கு ரொம்ப வசதி. உயரம் குறைந்தவர்களுக்கும் கால் சின்னதாக இருப்பவர்களுக்கும் குளோஸ்ட் கார்டைவிட அதுவே ஒத்துவரலாம்.

பிரேசிலில் இருந்து திரும்பிய கிமுரா ஜப்பானில் காட்டு மல்யுத்தத்துக்குள் போனார். ஆட்டத்தின் முடிவை முன்பே பேசி வைத்துக்கொள்ளும் தொழில் அது. 1954 டிசம்பர் 22 அன்று தோக்கியோவில், நாட்டின் பெரிய நட்சத்திரம் ரிகிடோசானோடு மோதினார். சமநிலை என்று ஒப்பந்தம். நடுவில் ரிகிடோசான் ஒப்பந்தத்தை மறந்து நிஜமாகவே அடித்தார். கிமுரா தயாராக இல்லை. இரத்தத்தில் விழுந்தார். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மரக்கானாவை ஜப்பானில் பார்த்தவர்கள் ரொம்பக் கம்மி, இதைப் பார்த்தவர்கள் ஏராளம். அதற்கப்புறம் பல வருடம் சாதாரண மக்களுக்குக் கிமுரா என்றால் ரிகிடோசானிடம் விழுந்தவர்தான். அந்தக் கசப்பு கடைசிவரை அவரை விடவில்லை. ரிகிடோசான் 1963-ல் கத்திக்குத்தில் இறந்துபோனார்.

1959-ல் கிமுரா மறுபடி பிரேசிலுக்குப் போனார். இந்தத் தடவை எதிரி வால்டெமார் சந்தானா, எலியோவிடமே படித்து, 1955-ல் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நீண்ட சண்டையில் எலியோவையே வென்றவர். சட்டை போட்ட ஆட்டத்தில் கிமுரா ஜெயித்தார். அடுத்து வாலே டுடோ, அதாவது குத்தும் உதையும் சேர்ந்தது, இன்றைய எம்எம்ஏ-வின் அப்பா. 40 நிமிடம் இரண்டு பேரும் இரத்தத்தில் நனைந்தும் முடிவு வரவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய மனுசர், காலில் காயத்தோடு.

பிறகு 1960-களில் தான் படித்த தகுஷோகு பல்கலைக்கழகத்துக்கே பயிற்சியாளராகப் போனார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய கனடாக்காரர் டக் ரோஜர்ஸ் அங்கே அவரிடம் பழகினார். மாணவர் கனியோ இவட்சுரி அகில ஜப்பான் பட்டம் வென்றார். உஷிஜிமா தனக்குக் கிடைக்காததைக் கிமுரா மூலம் வாங்கியது போல, கிமுராவும் தன் பங்குக்கு ஒருவரை உருவாக்கினார். டான் மட்டும் 7-லேயே நின்றது.

1993 ஏப்ரல் 18 அன்று, 75 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். ஏழு மாதம் கழித்து, நவம்பர் 12 அன்று, அமெரிக்காவின் டென்வரில் முதல் யூஎஃப்சி நடந்தது. எலியோவின் மகன் ராய்ஸ் ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில், தன்னைவிட ரொம்பக் கனமான டான் செவெர்னுக்குக் கீழே 15 நிமிடத்துக்கு மேல் கிடந்து, கடைசியில் கோசென் மாணவர்கள் கண்டுபிடித்த அதே டிரையாங்கிளில் தட்ட வைத்தார். கார்டு என்ற சொல் உலகத்துக்கே தெரிந்தது அப்போதுதான்.

முதல் யூஎஃப்சி நடந்த அன்று எலியோவும் டென்வரில்தான் இருந்தார். அவருக்கு அப்போது 80 வயது.